உப்புக்கு முன்

கோரிஸ் நகரின் நாடக அரங்கில்
மேடைக்குக் கீழே என் மேசை.
முதுகுக்குப் பின்னால்
போன மாதத்து நாடகத்தின் காடு
அட்டை மரங்களாய் இன்னும் நிற்கிறது.
பெயர், பிறந்த ஆண்டு, விட்டுவந்த ஊர்,
உடன் வந்தோர் எண்ணிக்கை.
அடித்து அடித்து
ஊர்ப்பெயர்கள் விரல்நுனிக்கே மனப்பாடம்.

நான் படித்தது ஆப்பெழுத்து. ஆறு ஆண்டு.
உரார்த்து மன்னர்களின் மெய்க்கீர்த்தி.
வேலை கிடைத்ததோ நகராட்சியில்,
குடிநீர் வரிப் பிரிவில்.
செப்டம்பர் கடைசியில்
வரி இருக்கட்டும்,
மனிதர்களை எண்ணு என்றார்கள்.

நானூற்றுப் பதினேழாவதாக வந்தவள் ஷொகாகாத்.
ஐம்பத்தாறு வயது.
மடியில் துணியால் மூடி கட்டிய
ஓர் அலுமினியப் பானை.
ஒன்றரை மணி நேரப் பாதையில்
முப்பத்தொரு மணி நேரம்,
லாரியின் பின்தட்டில்,
பதினான்கு பேரின் முழங்கால்களுக்கு நடுவே
அதை அணைத்தபடி வந்திருக்கிறாள்.
"உள்ளே என்ன?"
"அவரைக்கொட்டை. பாதி வெந்தது."
பிறகு என் திரையை எட்டிப் பார்த்து,
"அடுப்பிலிருந்து விறகை
வெளியே இழுத்தேனா என்று நினைவில்லை.
அதையும் எழுதிக்கொள், பெண்ணே.
யாராவது அந்தப் பக்கம் போனால் இழுத்துப் போடட்டும்."

அந்தப் பக்கம் யார் போவார்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் அடித்தேன்:
அடுப்பு, ஐயம்.

வேலை முடிந்து மேட்டுக் கோயிலுக்கு ஏறினேன்.
வடக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில்
அந்தக் கல்.
என் ஆய்வேட்டில் பதினொன்றாம் எண்.
இரண்டாயிரத்தெழுநூறு ஆண்டுக்கு முன்
ஒரு மன்னன் அதில் கணக்கு ஒப்பிக்கிறான்:
போனேன், வென்றேன், எரித்தேன்,
இத்தனை ஆண், இத்தனை பெண்,
இத்தனை குதிரை, மாடு, எண்ணி மாளாத ஆடு,
அங்கிருந்து பெயர்த்து இங்கே குடிவைத்தேன்.
எல்லாம் என் கடவுளின் பெருமையால் என்கிறான்,
வரிக்கு வரி.

ஆயிரத்தெழுநூறு ஆண்டு கழித்து
அதே கல்லில் ஒரு சிற்பி சிலுவை செதுக்கினான்.
எழுத்தை முழுக்க அழிக்கவில்லை.
சோம்பலோ, பயமோ,
கல்லுக்கு அவ்வளவு பஞ்சமோ.
சிலுவையின் அடியிலிருந்து கிளைக்கும் இடப்பக்க இலை
காம்பு நீட்டி
பெண்களின் எண்ணிக்கைமேல் ஓடுகிறது.
ஆறாயிரமா ஒன்பதாயிரமா என்று
பேராசிரியரோடு ஒரு பனிக்காலம் முழுக்க வாதாடினேன்.
ஆறாயிரம் என்றவள் நான்.
கெட்டிக்காரி என்றார்கள்.

இன்று குனிந்து காம்பின்மேல் விரலை ஓட்டினேன்.
குளிர்ந்திருந்தது.
மூவாயிரம் பெண்களை
எவ்வளவு சுலபமாகத் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

முற்றத்தில் பாய்கள், குழந்தைகள், ஈரக் காலுறைகள்.
யெஸ்னிக் பாதிரியார்
ரப்பர் செருப்போடு கம்பளி பங்கிட்டுக்கொண்டிருந்தார்.
ஷொகாகாத் அங்கேதான் இருந்தாள்.
துணியை அவிழ்த்து மூடியைத் திறந்ததும்
ஒரு பையன் மூக்கைப் பொத்தினான்.
பாதிரியார் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார்,
மென்றார், விழுங்கினார்.
"உப்பில்லையே, சகோதரி."

"உப்பு ஏது?
பாதையை அடைத்து ஒன்பது மாதம்.
பக்கத்து வீட்டில் ஒரு சிட்டிகை கேட்கப் போனேன்,
அப்போதுதான் கிளம்பச் சொன்னார்கள்."
அழவில்லை. கோபம்தான்,
சமையலில் குறை சொன்னவர்மேல் வரும் கோபம்.

அவர் உள்ளே போய்,
காணிக்கை ஆட்டுக்கென்று மந்திரித்து வைத்திருந்த உப்பைக்
காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்தார்.
ஜெபம் சொல்லவில்லை. நீட்டினார்.
அவள் தூவினாள், கிளறினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள்,
இன்னும் கொஞ்சம் தூவினாள்.
"நாய்க்குப் போடலாம்" என்றாள்.

நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கீழே மலைப்பாதையில் விளக்குகள்
வளைவுக்கு வளைவு இறங்கிக்கொண்டிருந்தன.
காலை எட்டுக்கு என் அடுத்த முறை.
பானையைத் தேய்க்கக்
கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று
அவள் என்னைக் கேட்டாள்.